செல்வியின் படிவம்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

இன்று இன்டர்வியூவுக்கு வந்த பதினோராவது பெண் செல்வி. ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் மேனேஜர் இருந்ததால் தெரியாதவளிடம் பேசுவதுபோல் ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னேன்.

கால் சென்டருக்கு ஆள் எடுக்கும்போது பேச்சைக் கேட்டு மார்க் போடுவது என் வேலை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: கோபத்தில் கத்தும் கஸ்டமரிடம் என்ன சொல்வீர்கள்? முதல் பத்துப் பேரும் மனப்பாடம் செய்த மன்னிப்பை ஒப்பித்தார்கள். செல்வி மட்டும், அவர் கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன், பிறகு எதை முதலில் சரிசெய்யட்டும் என்று கேட்பேன் என்றாள். ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் எங்கள் தெரு கேட்டது.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எம்.டி.ஐ. என்று எழுதினேன். பேச்சில் தாய்மொழி வாடை அடிக்கிறது என்று அர்த்தம். அதை எழுதிவிட்டால் வேலை கிடையாது. மேனேஜர் எழுதச் சொல்லவில்லை. நானேதான் எழுதினேன். எழுதாமல் விட்டால் என் பேச்சையும் உற்றுக் கேட்க ஆரம்பித்துவிடுவாரோ என்று...

முடிவு தெரிந்த பிறகும் லிஃப்ட் அருகே எனக்காகக் காத்திருந்தாள்.

"பரவால்லக்கா, இன்னும் பழகிக்கிறேன். நீங்க பேசறத கேட்டா நம்ம தெருன்னு யாருமே சொல்ல மாட்டாங்கக்கா."

பாராட்டாகத்தான் சொன்னாள். நான் "தேங்க்ஸ்" என்றேன், கஸ்டமரிடம் சொல்லும் அதே குரலில்.