நான் சொல்லாத வரி

ஜூன் 11, செவ்வாய்

சந்தை நாள். தைக்கச் சொல்லி பிளவுஸ் துணி ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்காரரைத் துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘ஆ, ஆ’ தான். வீட்டையே அதட்டி வைத்திருந்த வாய்.

பக்கத்து வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்து, “ராஜாமணி அண்ணன உன்னாட்டம் யாரு பாத்துக்குவாங்க மேரி?” என்றாள். சிரித்து வைத்தேன். உள்ளே என்ன ஓடுதுன்னு அவளுக்கு எங்கே தெரியும்.

ஜூன் 14

செபமாலையோடு உட்கார்ந்தேன். பழக்கம், வேறொன்றுமில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கியதும் கட்டிலிலிருந்து இவர் குரல்! ஒரு சொல் பிசகாமல் என்னோடு சேர்ந்து சொல்கிறார்.

அன்றாட உணவு கேட்கிற வரி வரை வந்தோம். அடுத்தது, தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்களையும் பொறுத்தருளும் என்கிற வரி. மகள் காவியா செத்ததிலிருந்து நான் அதைச் சொல்வதில்லை. கோயிலில் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். கூட்டம் சொல்லிக் கடந்துவிடும், பிறகு சேர்ந்துகொள்வேன்.

இங்கே கூட்டம் ஏது? நான் நின்றதும் அவரும் நின்றுவிட்டார். திறந்த வாய் திறந்தபடி என்னையே பார்க்கிறார்.

ஜூன் 15

உடற்பயிற்சி கொடுக்க வருகிற தேவிப்பிரியாவிடம் கேட்டேன். “சின்னதுல மனப்பாடம் பண்ணது மட்டும் வருங்கம்மா. நீங்க எடுத்துக் குடுத்தாதான் வரும். புரிஞ்சு சொல்றாரான்னு சொல்ல முடியாதுங்க” என்றாள்.

அவருக்கு வாய் வருகிறது, மனசு தெரியவில்லை. எனக்கு மனசும் இல்லை, வாயும் இல்லை. நல்ல ஜோடி.

ஜூன் 23, ஞாயிறு

ஃபாதர் வந்திருந்தார். கொட்டிவிட்டேன். காவியா ஃபைசானைக் கட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனது, காய்ச்சலில் செத்தது, அடக்கத்தன்று இவர் என்னை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு எப்படிக் கத்தினேன்! எம்புள்ள மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்க வுடலையே இந்த மனுசன்!

“மனசுல இல்லாததை வாயால சொன்னா பொய்தானே ஃபாதர்?”

“சொல்லும்மா. மனசு பின்னால வரும்.”

வரலைன்னா?

ஜூலை 2

முயன்றேன். பாதி வரி வந்தது. சாவி ஞாபகமும் வந்தது. அவர் காத்திருந்தார், வாயோரம் எச்சில் வழிய. துடைத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். உடனே ஒட்டிக்கொண்டார்.

ஜூலை 9

இதெல்லாம் செபமா? உதட்டில் ‘தந்தையே’, உள்ளே ‘இந்த ஆள் செத்துத் தொலையட்டும்’. ஆண்டவருக்கு ரெண்டும்தானே கேட்கும்.

இன்று மாலையை ஓரமாக வைத்துவிட்டு நேராகவே சொன்னேன். “ஆண்டவரே, என்னால இவரப் பொறுக்க முடியல. வரல எனக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

திரும்பினால் இவர் கண்ணில் தண்ணீர். புரிந்துதான் அழுதாரா, வெறும் கண் நோவா? தெரியவில்லை. துடைத்துவிடவும் இல்லை நான்.

ஜூலை 16

நாளைக்கு அந்த வரியைச் சொல்லிவிட வேண்டும். முழுசாக. மனசு வராவிட்டாலும்.

ஜூலை 17

கஞ்சியோடு போனேன். போய்விட்டிருந்தார்.

ஜூலை 18

ஃபைசான் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்துக் கேட் ஓரமாக நின்றான். அவனை யாரும் தடுக்கவில்லை.

குழியருகே ஃபாதர் செபத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லோரோடும் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றாட உணவு முடிந்ததும், எப்போதும்போல நின்றேன். நின்று பெட்டியைப் பார்த்தேன்.

யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. கூட்டம் அந்த வரியைச் சொல்லிக் கடந்துவிட்டது. நான் பிறகும் சேர்ந்துகொள்ளவில்லை.