வேளிமலைச் சிறுத்தையின் இடது கன்னம்

வைகாசி 20, ஞாயிறு

மழை. கோயிலுக்குப் போகவில்லை. கத்தி இரண்டும் தீட்டியாயிற்று. படிகாரம் இடித்தாயிற்று. உப்புச் சாக்கு பண்ணையார் வீட்டு வண்டிப்புரையில்.

மைசூர்க் கடிதத்தை மறுபடி வாசித்தேன். செத்த மிருகங்களைப் பாடம் செய்து நிறுத்துகிற கடை. வேலை கேட்டு எழுதினேன், பதில் நாலே வரி. தெற்கிலிருந்து வருகிற தோலெல்லாம் மயிர் உதிர்ந்தே வருகிறதாம். ஒன்றையாவது முழுதாக அனுப்பு, பிறகு பேசலாம்.

பண்ணையார் சிறுத்தைக்கு வேளிமலையில் பரண் கட்டியிருக்கிறார். விழுந்தால் உரிப்பது நான். எஸ்டேட் துரையிடம் இரண்டு வருஷம் இந்த வேலை படித்தவன் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை. பாடம் செய்ய அது போகப்போவதும் மைசூர்க் கடைக்குத்தான்.

அப்பா மாட்டுத்தோல் உரித்தார், ஊருக்கு வெளியே இருந்தார். நான் சிறுத்தைத் தோல் உரிப்பேன், தொழுவத்துக்குப் பின்னால் இருப்பேன். பெரிய முன்னேற்றம்.

வைகாசி 21, திங்கள்

மழை விட்டது. ஆவி பறக்கிற புழுக்கம். செத்த உடம்புக்கு இதைவிடக் கெட்ட நாள் இல்லை.

காலை ஏழுக்குச் சுட்டார்கள். எட்டரைக்கு முற்றத்தில் கிடந்தது. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஈரவைக்கோல் சுற்றியிருந்தார்கள். உள்ளே கைவிட்டேன். கஞ்சிப்பானைச் சூடு. உடனே வயிற்றைக் கீறவேண்டும் என்றேன். நாகர்கோவிலிலிருந்து போட்டோப் படக்காரர் வரட்டும் என்றார் பண்ணையார். வயிறு கிழிந்த புலிமேல் எப்படிக் கால் வைப்பாராம். சிறுத்தையும் இந்த ஊருக்குப் புலிதான்.

நிழலுக்காவது இழுக்கலாம் என்றேன். ஊர் பார்க்கவேண்டாமா என்றார்கள். பண்ணையார் மனைவி, ஆச்சி, மஞ்சள்நீர் ஊற்றினார். குரவை வேறு. இடப்பக்கம் வைக்கோலில் அழுந்தியே கிடந்தது. பத்து. பன்னிரண்டு. ஒன்று. ஈ.

வீட்டு வேலைக்காரன் வேலாயுதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "புலி செத்துப்போச்சுடே. நீ எதுக்கு கெடந்து துடிக்க?" எல்லோரும் சிரித்தார்கள்.

படம் இரண்டரைக்கு. சுட்டது மலையில் வழிகாட்டக் கூடப்போன காணிக்காரன் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. படத்தில் அவன் இல்லை.

மூன்று முதல் ஆறரை வரை உரித்தேன். காது உள்வரை திருப்பி, உதடு பிளந்து, பாதம் நகத்தின் கடைசி முட்டு வரை. அழுகல் முதலில் பிடிக்கும் இடங்கள். கொழுப்பு சுரண்டியாயிற்று. உப்புச் சாக்கை அவிழ்த்தால், கூரை ஒழுகி முக்கால்வாசி தண்ணீர். என் தப்பு. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். மிச்சம் காதுக்கும் பாதத்துக்கும் சரி.

வேலாயுதத்தை உள்ளே அனுப்பினேன். ஆச்சியின் குரல் வெளியிலேயே கேட்டது. "வெளக்கு வச்சாச்சு. இனி உப்பு படி தாண்டாது." உள்ளே ஒரு பானை நிறைய இருக்கிறது. அந்தப் புலி அவர்கள் கூடத்தில்தான் நிற்கப்போகிறது.

கடைக்காரரும் அதே. எங்கள் சபை உபதேசியார் வீட்டம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தார். "நமக்கு அந்த நம்பிக்கை ஒண்ணும் கெடையாது மக்கா. ஆனாலும் வெளக்கு வச்ச பொறவு எப்பிடித் தர?" கிறிஸ்து வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை. உப்புப் பானையில் மட்டும் லட்சுமி இன்னும் இருக்கிறாள்.

தக்கலைச் சந்தைக்கு ஓட்டம். கருவாடு விற்கிற லூர்தம்மாள் கூடை கட்டிக்கொண்டிருந்தாள். மீன் தொட்ட உப்பு ஆகாது, அது தோலையும் அழுகவைக்கும், புது உப்பு வேண்டும் என்றேன். விளக்கு வைத்துவிட்டதையும் நானே சொன்னேன். ஏன் சொன்னேனோ.

"ஏலே, வெளக்கு வச்சாச்சுன்னு கடலு உப்பைப் பூட்டியா வச்சிருக்கு? தூக்குலே சாக்கை."

தலைச்சுமையாகத் திரும்பினேன். மணி எட்டு. கன்னம், கழுத்து, முதுகு, வயிறு. தேய்த்துத் தேய்த்துக் கை வெந்துவிட்டது.

வைகாசி 22, செவ்வாய்

சாரல். உப்பு நீர் விட்டிருந்தது. வடித்து, உதறி, மறுபடி புது உப்பு. சுருட்டாதே, வெயிலில் போடாதே என்று வேலாயுதத்திடம் மூன்று தடவை.

மயிரை இழுத்துப் பார்த்தேன். அடிவயிறு நிற்கிறது. காது நிற்கிறது. பாதம் நிற்கிறது. இடது கன்னத்தைத் தொடவில்லை. பயம்.

சோறு இறங்கவில்லை. உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறாள் அம்மா.

வைகாசி 23, புதன்

தொட்டேன். இழுக்கக்கூட வேண்டாம், பெருவிரலோடு வந்துவிட்டது. ஓர் உள்ளங்கை அகலம். மற்றதெல்லாம் கெட்டி.

பண்ணையார் வந்து பார்த்தார். வைக்கோல், படம், உப்பு, எல்லாம் சொன்னேன். பேசி முடிக்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"வெளக்கு வச்ச பொறவு உப்பு குடுக்காத வீடுடே இது. அதுலயா ஒனக்குத் தோலு கெட்டுது? கைவேலை போராதுன்னு சொல்லு."

தோலோடு கடைக்கு ஒரு கடிதமும் போகுமாம், கெடுத்தவன் பெயர் போட்டு. எழுதவேண்டியது நான். இங்கிலீஷ் தெரிந்தவன் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

வைகாசி 29, செவ்வாய்

வெயில். இப்போது வருகிறது.

தோல் காய்ந்து, மடித்து, பெட்டியில். பண்ணையார் சாய்வு நாற்காலியிலிருந்து சொல்ல, நான் முற்றத்தில் பலகையை மடியில் வைத்து எழுதினேன். அவர் சொன்னது: தோல்காரனின் அசிரத்தை, அரைகுறைப் படிப்பு, இவனை யாரும் நம்பவேண்டாம்.

நான் எழுதியது: சுட்டது ஏழு மணி. இடப்பக்கம் ஈரவைக்கோலில், இரண்டரை வரை. கத்தி வைத்தது மூன்று. உப்பு கேட்டது ஆறரை, மறுத்தது இந்த வீடு. கிடைத்தது எட்டு. முதல் சாக்கை மழையில் விட்டது உரித்தவன் தப்பு. உதிர்ந்தது ஓர் உள்ளங்கை. மற்ற இடங்களை இழுத்துப் பாருங்கள். கீழே என் பெயர், ஊர்.

வாங்கிப் புரட்டினார். "நான் சொன்னதுக்கு மேல நீளமா இருக்கே?"

இங்கிலீஷில் கொஞ்சம் நீளும் என்றேன்.

கையெழுத்துப் போட்டார். மை காய அவரே ஊதியும் கொடுத்தார்.