ஊதுகுழாயை மாற்றச் சொன்னேன்

அனுப்புநர்:
நடத்துநர், பணி எண் 2217, தடம் 14
(தற்காலிகப் பணிநீக்கத்தில்)
பணிமனைக் குடியிருப்பு, மூன்றாம் மாடி

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துக் கழகம், தலைமை அலுவலகம்

பொருள்: என் பணிப்பதிவேட்டில் உள்ள "குடிபோதை" என்ற சொல்லை, 23ஆம் தேதி விசாரணைக்கு முன் நீக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை, இம்மாதம் 4ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினேழு ஆண்டுகளாக இக்கழகத்தில் நடத்துநராக இருக்கிறேன். ஒரு சொட்டு மதுவும் தொட்டதில்லை. கோபத்தில் எழுதிய மனு என்று தாங்கள் நினைத்தால், சரியாகவே நினைக்கிறீர்கள்.

2. சென்ற மாதம் 19ஆம் தேதி பிற்பகல் ஒன்றரை மணி. நல்ல வெயில், பேருந்தில் நிற்க இடமில்லை. சீட்டு கிழித்துக் கொடுக்கும்போதே என் வலது கால் மரத்து மடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நாக்கும் குழறியது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பரிசோதகர், அத்தனை பயணிகள் முன்னிலையில், "என்னம்மா, பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா?" என்றார். "உடம்பு சரியில்ல சார்" என்றேன். அதையும் குழறித்தான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

3. பணிமனையில் மூச்சுச் சோதனைக் கருவியை நீட்டினார். ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழாய் பொருத்த வேண்டும் என்பது விதி. புதியது வேண்டுமானால் பண்டகசாலைக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், பரிசோதகர் ஒன்றையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து எல்லோரையும் ஊதச் சொல்வதே எங்கள் பணிமனை வழக்கம். "மாத்திக் குடுங்க சார், ஊதுறேன்" என்று மூன்று முறை கேட்டேன். "பெரிய மகாராணி! ஊதுறியா, எழுதிடவா?" என்றார். "எழுதிக்கோங்க" என்றேன். வாய்த்துடுக்கு என் பிறவிக்குணம், ஐயா. அதற்குப் போதை தேவையில்லை. அவர் எழுதியது: "ஊத மறுத்தார். எனவே குடிபோதை."

4. மறுத்த காரணத்தை யாரும் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேருந்தில் விசில் ஒன்றுதான், ஆள் இரண்டு. சீட்டுப் பையோடு கயிற்றில் கட்டிய விசிலைக் காலை நடத்துநர் அண்ணன் ஊதிவிட்டுத் தருவார், பிற்பகலில் நான் ஊதுவேன். அவருக்குக் கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. சில வாரங்களில் எனக்கும் வந்து, ஒரு மாதம் படுத்தேன். எச்சில் வழியாகப் பரவும் வைரஸ் என்று அன்றைய மருத்துவர் சொன்னார். "வாயில வைக்கிறத யாரோடயும் பங்கு போடாதீங்க. உங்களுக்காக இல்லம்மா, அடுத்தவங்களுக்காக. அது உடம்பை விட்டுப் போகாது, எப்ப வேணா எச்சில்ல தலைகாட்டும்" என்றார். அன்றே சொந்த விசில் வாங்கினேன். 19ஆம் தேதி எனக்கு அடுத்து ஊத நின்றவர் எங்கள் ஓட்டுநர் தம்பி. அவர் வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது.

5. மண்டைப் படம் எடுத்துப் பார்த்த நரம்பியல் மருத்துவர், எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய். சூடு ஏறினால் தள்ளாட்டம் கூடும். "அந்தப் பழைய வைரஸுக்கு இதுல பங்கு இருக்கலாம்மா. ஆனா அது பத்துல ஒம்பது பேர் உடம்புல சும்மா கிடக்குது, சிலருக்குத்தான் இப்படி ஆகுது. அது மட்டுமே காரணம்னு எழுத மாட்டேன்" என்றார். புரியவில்லை என்றதும், "உங்க பாஷையிலயே சொல்றேன். சீட்டு வாங்காதவன் நீலச் சட்டை போட்டிருந்தான்னு, நீலச் சட்டை போட்டவங்களை எல்லாம் செக்கர் இறக்கி விட்டா எப்படி? அது மாதிரி, வைரஸ் சாயல்ல இருக்குன்னு உங்க நரம்பையும் எதிர்ப்புச் சக்தி தாக்கியிருக்கலாம்" என்றார். எங்கள் பரிசோதகரை அவர் பார்த்ததே இல்லை.

6. தங்கள் மருத்துவ அலுவலரோ, என்னை நேரில் பாராமலே, நான் முன்பு அனுப்பிய மருத்துவச் சான்றை மட்டும் படித்துவிட்டு, "எட்டு ஆண்டுக்கு முந்தைய காய்ச்சலை இழுத்துக் கதை கட்டுகிறார்" என்று எழுதியுள்ளார். விசில்தான் என்னை முடக்கியது என்று நான் எங்கும் சொல்லவில்லை. படித்த மருத்துவர் "இருக்கலாம்" என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் நானும் நிற்கிறேன். ஊதாத கருவியை வைத்து "எனவே" என்று முடிவு கட்டியவர்கள் தாங்கள்தான். கதை கட்டியது யார்?

7. நோயாளி என்றால் உட்கார்ந்து செய்யும் பயணிகள் தகவல் முகப்புப் பணி தர விதியில் இடமுண்டு. குடிகாரி என்றால் 23ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்புவீர்கள். அது மட்டுமல்ல. அன்று அந்தப் பேருந்தில் என் மகளின் வகுப்புத் தோழி இருந்திருக்கிறாள். மகள் வந்து, "நீ குடிச்சியாம்மா?" என்றாள். "இல்லடி" என்றேன். "அப்போ ஏம்மா ஊதல?" என்று கேட்டாள். அழுதுவிட்டேன். நோய் என்று தெரிந்த நாளில்கூட நான் அழவில்லை.

8. ஆகவே, அச்சொல்லை அடித்துவிட்டு "நோய்" என்று எழுதுங்கள். அன்று என்ன நடந்தது என்று ஓட்டுநரைக் கேளுங்கள். ஆளுக்கொரு ஊதுகுழாய் என்ற விதியைப் பரிசோதகருக்குப் படித்துக் காட்டுங்கள். இனி எந்த நாளில், எந்த நேரத்தில் அழைத்தாலும் தங்கள் அறைக்கே வந்து, தங்கள் கண் முன்னால் ஊதுகிறேன். கெஞ்சவில்லை, ஐயா, கேட்கிறேன்.

இதை எழுதிக் கொடுத்தவர் என் கணவர், வாசகம் என்னுடையது. அவர் இரண்டு இடங்களில் பணிவைக் கூட்டப் பார்த்தார், நான் விடவில்லை.

இணைப்பு:
நரம்பியல் மருத்துவரின் கடிதம்.
மண்டைப் படத்தின் நகல்.
புதிய ஊதுகுழாய் ஒன்று, உறை பிரிக்காதது. பண்டகசாலை வரை யாரும் நடக்க வேண்டாம்.

நாள்: இம்மாதம் 11
இடம்: பணிமனைக் குடியிருப்பு

இப்படிக்கு,
(ஒப்பம்)
நடத்துநர் 2217

குறிப்பு: கையொப்பம் மட்டும் நானே இட்டது. அது கோணலாக இருப்பதற்கும் குடி காரணமல்ல.