காலருக்குக் கீழே சிவப்பு நூல்

என் செல்லக் குட்டிக்கு,

இங்கே எல்லாம் நலம். வீட்டில் தையல் மெஷினும் நானும்தான். அது என்னைவிட அதிகம் பேசுகிறது.

உங்கள் பள்ளிச் சுற்றுலாவுக்கு மஞ்சள் ஜாக்கெட் அத்தனையும் நான்தானே தைத்தேன்? "எனக்கு மட்டும் ஸ்பெஷலா எதுவும் பண்ணாதீங்கப்பா, மானம் போயிடும்" என்றாய். தலையாட்டிவிட்டு, உன்னுடையதில் மட்டும் முதுகுப் பக்கம் காலருக்குக் கீழே சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டேன். வெளிநாட்டில், அத்தனை மஞ்சளுக்கு நடுவே உன்னை எப்படித் தேடுவது?

டீச்சர் அனுப்பும் படங்களில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டே நடக்கிறீர்கள். நான் சிவப்பு நூலைக் கண்டுபிடித்து, "இதோ, முன்னால போறா பாருங்க!" என்று பக்கத்து இஸ்திரிக் கடைக்காரரிடம் தினமும் காட்டினேன். "அப்பா கண்ணுக்குத் தப்புமா?" என்பார் அவரும், சலிக்காமல்.

நேற்றைய படத்தில் அந்தச் சிவப்பு நூல் பெண் முகத்தைத் திருப்பியிருந்தாள். அது நீ இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். அவள் தோளில் கைபோட்டு, அவளைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய், கை நீளம் பற்றாத அவளுடைய ஜாக்கெட்டில். இருவரும் மாற்றிக்கொண்டீர்களாக்கும். இருக்கட்டும், திருப்பிக் கேட்காதே.

இஸ்திரிக் கடைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

போனில் "நல்லா இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். மேலே என்ன கேட்பதென்று எனக்கும் தெரிவதில்லை. அடுத்த படம் எடுக்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார். எனக்காகத்தான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் அப்பா