டேங்க் நிரம்பிய நாட்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலமாக இருக்கிறோம். போன வாரமே எழுத உட்கார்ந்தேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இன்றைக்குத்தான் வருகிறது. நீ கப்பல் வேலைக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. எஞ்சின் ரூமில் வெக்கை தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். தண்ணீர் நிறையக் குடி.

விஷயம் நம் பிரெட் வேனைப் பற்றியது. எல்லாம் சரியாகிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பாதிக் கடிதத்திலேயே தலையில் கை வைத்துக்கொள்கிற ஆள்.

நீ கிளம்பிப் போன வாரத்திலிருந்தே வண்டிக்குள் பெட்ரோல் வாடை. எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் மூக்கைத் துளைக்கும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. எனக்குத்தான் பிரமையோ என்று நினைத்தேன். பெட்ரோல் பங்கில் ஊற்றும்போது கையில் பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். டேங்க் மூடியின் ரப்பர் போயிருக்கும் என்று புது மூடி வாங்கிப் போட்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினேன். பிரெட்டில் வாடை ஏறிவிட்டால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்பதுதான் அப்போது என் கவலை.

பாப்பா பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டே வருவாள். காலையில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவளை விட்டுவைக்க வேறு இடம் ஏது? மூன்றாவது கடை வருவதற்குள் "தலை வலிக்குதும்மா" என்பாள். இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாள். எழுந்ததும் எழாததுமாகப் பாலைக் குடித்தால் இப்படித்தான் என்று அவளையே திட்டினேன். வாடைதான் காரணம் என்று அப்போது தோன்றவே இல்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று பள்ளிகளுக்குக் கூடுதலாகப் பன் போக வேண்டியிருந்தது. டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். பின்வாசலில் எப்போதும்போல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். அந்த இடம் கொஞ்சம் சரிவு. தட்டுகளை ஏற்றும்போது ஒரு பன் கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன். வண்டிக்கடியில் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தேன். அதே நேரம் அடுப்பு மாஸ்டர் தணல் தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். தினமும் வாசலோரத் தகர டிரம்மில்தான் கொட்டுவார். ஈரம் அந்த டிரம்மை நோக்கித்தான் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

கையை நீட்டித் தடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே மனிதர் நின்றுவிட்டார். பிறகு தரையைப் பார்த்தார். தட்டு ஆடாமல், ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து உள்ளே போனார். உள்ளேயிருந்துதான் குரல் வந்தது: "புள்ளைய எடும்மா. சாவியத் தொடாத."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. நாலு பேர் சேர்ந்து வண்டியைக் கையாலேயே தள்ளித் தெருக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஈரத்தின்மேல் மண் அள்ளிப் போட்டார்கள். பாப்பா அப்போதுதான் கண்ணைத் திறந்து, "பள்ளிக்கூடம் வந்திடுச்சா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப நாறுது?" என்பதுதான். யோசித்துப் பார்த்தேன். செவ்வாயும் சனியும். நான் பெட்ரோல் போடும் நாட்கள். ஏழெட்டுக் கடை சுற்றி வந்தால் வாடை குறைந்துவிடும். "அப்ப கசிவு டேங்குக்குக் கீழ இல்ல, மேல. கொஞ்சம் எறங்கினா நின்னுடுது" என்றார்.

பெட்ரோலை வடித்துவிட்டு டேங்கை இறக்கினார். மேலே, பெட்ரோல் பம்ப் உட்காரும் வாயில், ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கி நசுங்கிக் கிடந்தது. "பழசையே திருப்பிப் போட்டிருக்காங்க. யாரு செஞ்ச வேலை?" என்று கேட்டார். வழியில் எங்கேயோ செய்தது, ஆள் ஞாபகம் இல்லை என்றேன்.

தம்பி, நீ கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பம்பை மாற்றிக் கொடுத்தது எனக்கு மறக்குமா? கடை பூட்டியிருக்கிறது, நாளைக்குப் புது வளையம் வாங்கிப் போட்டுவிடுகிறேன் அக்கா என்றாய். பழசே போதும், காலையில் வண்டி இல்லாமல் லோடு எப்படிப் போகும் என்று உன்னை அவசரப்படுத்தியது நான். அதனால் இதை நீ மட்டும் சுமக்காதே. உன்னிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ இருப்பது எஞ்சின் ரூம். தள்ளிக்கொண்டு போய் நிறுத்த அங்கே தெருக்கோடி இல்லை.

மெக்கானிக் புது வளையம் போட்டார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயிலும் மயிரிழை வெடிப்பு இருந்தது, அதையும் மாற்றினார். விளிம்புவரை நிரப்பி, சரிவில் நிறுத்தி, டேங்கின் மேல்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி காய்ந்தே இருந்தது. இன்னொரு தடவை துடையுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே துடைத்தார். சனிக்கிழமை டேங்கை நிரப்பினேன், வாடை இல்லை. பாப்பா மூன்றாவது கடையில் பசிக்கிறது என்றாள். மாஸ்டர் தணல் கொட்ட வேறு இடம் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தால், "இன்னைக்குச் சாவியத் தொடலாமா?" என்று கேலி செய்கிறார். நானும் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பாப்பாவின் தலையை முகர்ந்து பார்க்கிறேன். குளிப்பாட்டிய பிறகும் பார்க்கிறேன். இந்தப் பயம் எப்போது விடும் என்று தெரியவில்லை.

அங்கே யார் அவசரப்படுத்தினாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், முடியாது என்று சொல். அக்காவிடம் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை, அவர்களிடமாவது சொல். திட்டினால் வாங்கிக்கொள். கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுது. என்மேல் கோபம் என்றால் அதையே எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும்.

உன் அக்கா