ஒரு விரல் வெடிப்பு

மே 9
இன்று நான் வேலை செய்யும் கொமியுனிகேஷன் கடையில் ஆள் குறைவு. முதலாளி ஹிஷாம் நானா தொழுகைக்குப் போன நேரத்தில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின், லயத்தின், விண்ணப்பத்தை அனுப்பி முடித்தேன். லயத்துக்கு மேலே மலையில் ஒரு விரல் நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு ஓடுகிறது. ஆபத்து என்று அதிகாரிகள் கடிதம் தந்தால்தான் நாங்கள் தங்குவதற்குப் பாடசாலையைத் திறந்து விடுவார்களாம். படம் நூறு கேபிக்குள் இருக்க வேண்டுமாம். மலை முழுவதும் வரவேண்டுமென்று எட்ட நின்று எடுத்த படம், நாலாயிரம் பிக்சல் அகலம். அறுநூறாகச் சுருக்கினேன்.

மே 11
மழை. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க அப்பாவும் லயத்து ஆட்களும் மண் போட்டு மூடிப் பொலித்தீன் விரித்தார்கள். நல்ல வேலைதான்.

மே 17
பதில் வந்தது. "படத்தில் வெடிப்பு தென்படவில்லை. தெளிவான படம் அனுப்பவும்."
திறந்து பார்த்தேன். உண்மைதான். பச்சை, சிவப்பு மண், அவ்வளவே. சுருக்கும்போது நாற்பது புள்ளிகளைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறது. மெல்லிய கோடு மண் நிறத்தோடு போய்விட்டது.
பழைய படம்? போனில் இடமில்லை என்று கடைக் கணினிக்கு மாற்றி, சுருக்கியதை அதே பெயரில் சேமித்திருக்கிறேன். ஐயோ, நானே அழித்திருக்கிறேன். தினம் பத்துப் பேருக்கு "ஒரிஜினல பத்திரமா வச்சுக்கங்க" என்று சொல்கிறவள்!

மே 18
மறுபடி நாலாயிரமாகப் பெரிதாக்கினேன். கலங்கல். நானா பின்னால் நின்று பார்த்தார். "இல்லாதத அது எங்கேந்து கொண்டு வாரது தங்கச்சி? பக்கத்து நிறத்தப் பாத்து ரொப்பும், அவ்வளவுதான்." அவர்மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார்.

மே 20
வெடிப்பைத் திறந்து படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அம்மா கத்தினாள். "இந்த மழையில தொறந்தா தண்ணி எறங்கும்டி!" அதுவும் சரிதான். அலுவலகத்துக்குப் போன் எடுத்து சிங்களத்தில் கெஞ்சினேன். பட்டியல் நீளமாம். தெளிவான படம் வந்தால் முன்னுக்கு எடுப்பார்களாம். நான் எங்கே போவேன் படத்துக்கு?

மே 24
மழை.

மே 26
"நீங்க மூணு பேரும் பெரியம்மா வீட்டுக்குப் போங்க. அங்க இருக்கிற ஒரு காம்பராவுல எல்லாரும் எப்புடி படுக்கிறது? கடுதாசி வரட்டும், நான் ஸ்கூலுக்குப் போயிர்றேன்" என்றார் அப்பா. தங்கை மதுஷாவின் பையை அவரே தூக்கி பஸ்ஸில் வைத்தார்.

மே 29
லயத்தின் மேல்பாதி இல்லை. அப்பாவைப் பின்னேரம்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள். நூறு கேபி — என்னால் எழுத முடியவில்லை.

ஜூன் 3
அதிகாரி வந்தார். மெதுவாகப் பேசினார், நல்ல மனிதர். மண்மேட்டருகே குடைக்குள் நின்றே கடிதம் எழுதினார்: உடனடியாக வெளியேறவும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். எழுதியும் விட்டார்.
அம்மாதான் சொன்னாள், "மூணு பேருங்க, சேர்."