உதடு சொன்ன பெயர்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். காரைக்காலில் மழை விடவில்லை, துவைத்த யூனிஃபார்ம் காயவே மாட்டேன் என்கிறது.

நேற்று ஹாஸ்டல் டிவியில் உங்கள் புதுப்படம் போட்டார்கள். எருமை துரத்த நீங்கள் அலறிக்கொண்டு ஓடும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒங்க வாப்பா செம காமெடிடீ!" என்று தேவிகா என் முதுகில் அறைந்தாள். நானும் சிரித்தேன்.

எந்தப் படத்தில் அலறினாலும் நடுவில் யாருக்கும் தெரியாமல் "நௌஷீ" என்று என் பெயரைச் சேர்ப்பீர்களே. நேற்றும் உங்கள் உதடு அதைத்தான் சொன்னது. காதில் விழுந்ததோ "அய்யய்யோ". அது வேறு யாரோ பேசிய குரல், வாப்பா.

பெருநாள் லீவில் வீட்டுக்கு வந்தபோது வாஷ்பேசினில் ரத்தம் பார்த்தேன். "பீட்ரூட்டுடீ" என்று கோழிக்குரலில் சொன்னீர்கள். நம்பிவிட்டேன். அதன்பிறகு போனில் உம்மா மட்டும்தான். "வாப்பா டப்பிங்குல இருக்காங்கம்மா" என்கிறார். உங்கள் படத்துக்கே நீங்கள் பேசவில்லையே, பிறகு என்ன டப்பிங்? வார்டன் பக்கத்திலேயே நிற்பதால் கேட்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

தேங்காயெண்ணெயும் டார்ச்சுக்கு பேட்டரியும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு வார்டனிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். நீங்களே வாருங்கள். குரல் வேண்டாம். உதட்டை மட்டும் அசையுங்கள், எனக்குப் புரியும்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

நௌஷீ